சள்ளகெரேயில் தெருப்பாவு

புளியங்கொட்டையை வறுத்துத் தோல் நீக்கி, ஊறப்போட்டு அரைத்துக் காய்ச்சினால் பசைபோல ஒரு கஞ்சி வரும். சள்ளகெரேப் பக்கம் கம்பளியின் பாவு நூலுக்கு அதைத்தான் போடுகிறார்கள். கர்நாடகத்தின் சித்ரதுர்க்கா மாவட்டத்தில், பெங்களூரிலிருந்து பெல்லாரி போகும் சாலையில் சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது சள்ளகெரே. அதைச் சுற்றியுள்ள, ஆடு மேய்த்துக் கம்பளி நெய்யும் குருபர் ஊர்களைப் பார்க்க வேனில் கிளம்பிய எங்கள் கூட்டத்தில் ஒரு கைத்தறி வியாபாரி, கன்னடம் தெரிந்த கால்நடை மருத்துவர், வடிவமைப்பு படிக்கும் இரண்டு மாணவிகள், ஆட்டைப் பிரியாணியில் மட்டுமே சந்தித்திருந்த சிலர். எல்லோருக்கும் தறியைப் பார்க்கத்தான் ஆசை.

முதலில் கிடைத்தது தெருப்பாவு. தெருவின் நீளத்துக்குக் கறுப்பு இழைகளை இழுத்துக் கட்டி, இருபுறமும் நின்று கஞ்சி தோய்த்த தூரிகையால் நீவிக்கொண்டே போனார்கள். பருத்தி நூல் சொன்ன பேச்சுக் கேட்கும். ஆட்டு மயிரில் திரித்த நூல் முழுக்கப் பிசிறு. கஞ்சி போடாமல் தறியில் ஏற்றினால் ஒன்றோடொன்று உரசி அறுந்துபோகும். காய்வதற்குள் ஒட்டிய இழைகளைப் பிரித்துவிட வேண்டும். வானம் மூடினால் அன்றைக்கு வேலை இல்லை. மழைக்கான துணிக்கு வெயில்தான் மூலதனம்.

திண்ணையில் ஓர் அஜ்ஜி, பாட்டி, இராட்டையில் நூற்றுக்கொண்டிருந்தார். பக்கத்தில் வில்லால் கொட்டிப் பஞ்சாக்கிய மயிர்க் குவியல். சாயம் எதுவும் கிடையாது. ஆட்டின் நிறம்தான் கம்பளியின் நிறம். குட்டியின் முதல் கத்தரிப்பில் வரும் மயிர்தான் மிக மென்மை, மிகக் கறுப்பு. வயது ஏற ஏற வெயில் பட்டு நுனி பழுப்பாகிவிடுமாம். கூலி எடைக்கு. என்ன தொகை என்று கேட்டோம், சொல்லிவிட்டுச் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

குழித்தறியில் இருந்தவர் முடித்துவைத்த ஒரு கம்பளியை மாணவியின் தோளில் போட்டார். "குத்துதே!" என்றாள். மருத்துவர் மொழிபெயர்த்ததும் அவர் அசரவில்லை: "சட்டைக்கு மேல போத்திக்கம்மா." மேய்ப்பவருக்கு இது கொங்காடை, பாய், போர்வை எல்லாம்தான். நனைந்தால் இழை உப்பி நெருங்கிக்கொள்ளும். தண்ணீர் உள்ளே இறங்க நேரமாகும். குருபர் கல்யாணத்தில் மணமக்கள் உட்காருவதும் கம்பளியில், தெய்வத்துக்கு மடித்துப் போடும் ஆசனமும் கம்பளி.

மயிர் எங்கிருந்து வருகிறது என்று வியாபாரி கேட்டபோதுதான் பேச்சு தறியை விட்டு நகர்ந்தது. உள்ளூரில் போதவில்லை, வெளியிலிருந்து வாங்குகிறோம் என்றார் நெசவாளர். ஆட்டூரில் ஆட்டு மயிருக்குப் பஞ்சம்!

சாயங்காலம் ஒரு மந்தையைப் பார்த்ததும் விளங்கியது. பாதிக்கு மேல் சிவந்த உயரமான ஆடுகள், நெல்லூர் வழி வந்தவை. உடம்பில் குட்டையான முடிதான், கத்தரிக்க ஒன்றுமில்லை. ஆனால் சீக்கிரம் எடை ஏறும், கறிக்கு விலை போகும். கறுத்த தக்காண ஆடு ஆண்டுக்கு இருமுறை மயிர் தரும். ஒரு கத்தரிப்புக்கு அரைக் கிலோ தேறினால் அதிகம். கத்தரிக்கும் கூலி மயிரின் விலையைத் தாண்டிவிடுவதால் பலர் வெட்டிய மயிரை வேலியோரம் கொட்டிவிடுகிறார்கள். நம் திருச்சிக் கருங்குறும்பைக்கும் ஏறக்குறைய இதே கதைதான். போர்வை வேண்டுபவனுக்குப் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி நூலாக்கும் பானிப்பட்டு இருக்கிறது, மலிவாக.

மேய்ச்சலும் சுருங்கிவிட்டது. இங்குள்ள புல்வெளிகளுக்குக் காவல் என்று பெயர். மைசூர் அரசர்களின் அம்ரித் மகால் மாடுகளுக்காக ஒதுக்கப்பட்டவை. சுற்றுவட்டார ஆடுகளும் அதில்தான் மேய்ந்தன. 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதில் ஏறத்தாழ 10,000 ஏக்கர் ஆய்வு நிறுவனங்களுக்கும் பிறவற்றுக்கும் போனது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 4,290, இந்திய அறிவியல் கழகத்துக்கு 1,500. மதில் எழுந்தது, வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. விஞ்ஞானம் வேண்டாம் என்பதல்ல. புல்வெளியைத் தரிசு என்று எழுதிவைக்கும் பழக்கம்தான் எனக்கு உறுத்துகிறது. கைத்தொழிலைக் காக்க வருகிறவர்களும் தறிக்குப் பயிற்சி, துணிக்குக் கண்காட்சி என்றே யோசிக்கிறார்கள். ஆட்டின் பக்கம் திரும்புவதே இல்லை.

மயிருக்கும் விலையில்லை, மேய்ச்சலும் இல்லையென்றால் கறுத்த ஆட்டை ஏன் விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்று அந்த மந்தையை மேய்த்தவரைக் கேட்டோம். மாதக்கணக்கில் ஊர் ஊராக நடக்கும்போது, மழையிலும் பட்டினியிலும் தாங்குவது இதுதானாம். சிவப்புக்கு மருந்துச் செலவு கட்டுப்படியாகவில்லை என்றார். மருத்துவர் தலையாட்டினார்.

வியாபாரிக்கு உற்சாகம் வந்துவிட்டது. அடுத்த கத்தரிப்பை நானே எடுத்துக்கொள்கிறேன், கறுப்பு எத்தனை உருப்படி என்று கேட்டார். இருபது. உருப்படிக்கு அரைக் கிலோ என்றால் பத்துக் கிலோ. ஒரு கம்பளிக்கு இரண்டு, இரண்டரைக் கிலோ வேண்டும். கொட்டும்போது கழிவு வேறு போகும். நூறு கம்பளிக்கு ஆர்டர் வாங்கிவைத்திருந்தவர் கைபேசியில் இன்னொரு முறை கணக்குப் போட்டுப் பார்த்தார். நான்குதான் வந்தது.