சிவந்த தகடு

பத்திரிகையில் பிழை நேர்ந்தால் மறுநாள் திருத்தம் போடலாம். வால்வு அம்பிளிபயருக்குள் அந்த வசதி இல்லை.

எனது பழைய கிற்றார் அம்பிளிபயருக்குப் புதிய இஎல்34 வால்வுகள் இரண்டைப் பொருத்தினேன், பயஸைச் சரிபார்க்கவில்லை. சில நிமிடங்களில் ஒன்றின் தகடு உலையிலிட்ட இரும்பெனச் சிவந்தது. பதறிப்போய் நிறுத்தினேன்.

மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரும் கொள்ளளவிகளில் உயிர்கொல்லும் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதை வடித்து, மீற்றரால் உறுதிசெய்த பின்னரே உள்ளே தொட்டேன். மீண்டும் மின்னூட்டி அளக்கையில் இடக்கை சட்டைப்பைக்குள். பழைய றேடியோ திருத்துநரின் பழக்கம் அது. மின்சாரம் நெஞ்சின் குறுக்கே பாயாதிருக்க.

தகட்டில் 450 வோல்ற்று. இவ்வால்வின் எல்லை 25 வாற்று. அதில் 70 வீதம், அதாவது 17.5 வாற்று, ஓய்வுநிலைக்குப் போதுமென்பர். வகுத்தால் ஏறக்குறைய 39 மில்லியம்பியர். கதோட்டிலுள்ள 1 ஓம் தடையியில் ஒரு மில்லிவோல்ற்று ஒரு மில்லியம்பியரைக் குறிக்கும். மீற்றரோ 70 காட்டியது!

கிறிட்டின் மறை அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினேன். 60, 48, 36. சூடேறினால்தான் நாதம் என்பாருமுளர். எனக்கு வால்வின் ஆயுள் முக்கியம். பத்து நிமிடம் கழித்தும் 37தான்.

பின்மூடியின் உட்புறத்தில் திகதியையும் அந்த எண்ணையும் பென்சிலால் எழுதி மூடினேன்.