காலம் கடந்து வந்தவர்

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலைப் பொழுது. பள்ளித் திடலில் பயிற்சி முடிந்து, பந்துகளை வலைப்பையில் கட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் படிவ மாணவன் ஒருவன் தயங்கித் தயங்கி அருகே வந்து நின்றான். பள்ளிக்கு அணிந்து வரும் அதே வெள்ளைக் காலணி. செம்மண் படிந்து நிறம் மாறியிருந்தது. “சார், நானும் குழுவில் ஆடலாமா?” என்று கேட்டான்.

“என்ன தம்பி, பள்ளியை விட்டுப் போகிற ஆண்டில் வந்து கேட்கிறாயே! முதலாம் படிவத்திலேயே வந்திருக்க வேண்டாமா?” என்றேன். சொன்னதில் கடுமை இல்லை என்றுதான் அன்று எண்ணினேன். அவன் “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டுச் சென்றுவிட்டான். அவன் பந்தை எப்படி உதைப்பான் என்று கூட நான் பார்க்கவில்லை.

அந்த நிகழ்ச்சியை நான் மறந்தே போயிருப்பேன். ருஷ்ய நாட்டுக் காற்பந்து வீரர் கியோர்கி யார்ட்செவ் என்பவரின் வாழ்க்கையைப் பற்றி அறிய நேர்ந்தபோது அது மீண்டும் நினைவுக்கு வந்தது. அதன் பிறகு என்னை விட்டு அகலவில்லை.

யார்ட்செவ் 1948ஆம் ஆண்டில் கொஸ்த்ரோமா வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். கொஸ்த்ரோமா வோல்கா ஆற்றங்கரையில் உள்ள பழைய நகரம். அந்நகரத்துக் குழு அப்போதைய சோவியத் லீக் அமைப்பில் மூன்றாம் நிலையில் ஆடியது. அங்கே முன்னணி ஆட்டக்காரராக நின்று அவர் கோல்களை அடித்து வந்தார். தலைநகரத்தில் அவரை அறிந்தவர் மிகச் சிலரே. காற்பந்து வீரனுக்கு முப்பது வயது என்பது பிறருக்கு அறுபது வயதைப் போன்றது. அந்த வயதை நெருங்கும் ஒருவரை எந்தப் பெரிய குழுவும் தேடி வராது.

ஆனால் தேடி வந்தது. அதற்குக் காரணம் ஒரு வீழ்ச்சி. மாஸ்கோவின் புகழ்மிக்க ஸ்பார்ட்டாக் குழு 1976ஆம் ஆண்டில் உயர்நிலை லீக்கிலிருந்து கீழே தள்ளப்பட்டது. அதைத் தூக்கி நிறுத்தும் பொறுப்பு கான்ஸ்டன்டின் பெஸ்கோவ் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பெஸ்கோவும் முன்பு கோலடிக்கும் ஆட்டக்காரராய் இருந்து பயிற்றுநர் ஆனவரே. டைனமோ மாஸ்கோ குழுவின் வீரராக 1945இல் பிரிட்டனுக்குச் சென்று, அங்குள்ள பெரிய குழுக்களோடு மோதித் தோல்வியே காணாமல் திரும்பியவர். பின்னர் அவர் பயிற்றுவித்த சோவியத் தேசியக் குழு, 1964இல் ஐரோப்பியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஸ்பெயினிடம் 1-2 என்று தோற்றது. ஐரோப்பாவில் இரண்டாம் இடம் பெற்றதற்காக ஒருவர் பதவியிழந்தார் என்றால் நம்புவதற்குக் கடினமாக இருக்கிறது. ஆயினும் நடந்தது அதுதான். ஜெனரல் பிராங்கோவின் நாட்டிடம், அவர் கண்ணெதிரிலேயே தோற்றதை மாஸ்கோவின் ஆட்சியாளர்கள் பொறுத்துக்கொள்ளவில்லை.

அந்த பெஸ்கோவ்தான் கொஸ்த்ரோமாவிலிருந்து யார்ட்செவை அழைத்தார். 1977இல் அவருக்கு வயது 29. பெயர் பெற்றவர்களை வாங்கி அடுக்குவதை விட, தம் கண்ணுக்குத் தகுதியுடையவராய்த் தெரிந்தவரைக் கொண்டுவந்து நிறுத்துவதே பெஸ்கோவின் வழக்கம். அவருடைய ஆட்டமுறைக்கு உடல் வலிமையை விட எண்ணத்தின் விரைவே முதன்மையானது. பந்தை நெடுநேரம் காலில் வைத்திராமல், குறுகிய தூரத்தில் மாற்றி மாற்றித் தள்ளி, தள்ளியவர் உடனே வெற்றிடம் நோக்கி ஓட வேண்டும். பந்து வரும் முன்பே, அது எங்கே வரும் என்று அறிந்திருக்க வேண்டும். இளங்கால்களின் வேகம் குறையத் தொடங்கிய வயதில், யார்ட்செவிடம் இருந்தது இந்த அறிவுதான். அவருக்கு வாய்த்த துணையும் சிறந்த துணை. யூரி கவ்ரிலோவ் பந்தைத் தள்ளுவார். அங்கே யார்ட்செவ் இருப்பார்.

ஓராண்டிலேயே ஸ்பார்ட்டாக் மீண்டும் உயர்நிலைக்கு ஏறியது. 1978ஆம் ஆண்டில், சோவியத் நாட்டின் உயர்நிலை லீக்கில் மிகுதியான கோல்களை அடித்தவர் யார்ட்செவ், 19 கோல்கள். அப்போது அவருக்கு வயது 30. மறு ஆண்டு ஸ்பார்ட்டாக் நாட்டின் வாகையர் ஆனது. 1980க்குப் பிறகு அவர் அக்குழுவில் இல்லை. எண்ணிப் பார்த்தால் நான்கே பருவங்கள். அந்த நான்கு பருவங்களுக்காக இன்றும் அவரை நினைக்கிறார்கள்.

இங்கேதான் நான் என் திடலுக்குத் திரும்பி விடுகிறேன். பெஸ்கோவ் என்னைப் போல், “29 வயதில் வந்து நிற்கிறாயே!” என்று கேட்டிருந்தால்? கேட்பதற்கு அவருக்கு என்னைவிட நியாயம் மிகுதியாக இருந்தது. அவர் முதலில் ஆட்டத்தைப் பார்த்தார். நான் முதலில் படிவத்தைப் பார்த்தேன்.

பயிற்றுநராக யார்ட்செவின் வாழ்வு மேடும் பள்ளமுமாகவே சென்றது. 1996ஆம் ஆண்டில் ஸ்பார்ட்டாக் குழுவை அவர் ஏற்றபோது, முன்னைய ஆண்டின் முதன்மையான ஆட்டக்காரர் பலர் வெளியேறியிருந்தனர். எஞ்சியவர்களுள் இளைஞர் மிகுதி. பருவத்தின் முடிவில் ஸ்பார்ட்டாக்கும் விளாதிகாவ்காஸ் நகரத்து அலானியாவும் சமப் புள்ளிகளோடு நின்றன. வாகையரை முடிவு செய்யத் தனியாக ஓர் ஆட்டம் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நடந்தது. ஸ்பார்ட்டாக் 2-1 என்று வென்றது.

2003ஆம் ஆண்டு ஆகஸ்டில் தேசியக் குழு அவர் கைக்கு வந்தது. தகுதிச் சுற்றில் ஏறத்தாழ வழி அடைபட்ட நிலை. சுவிட்சர்லாந்தை 4-1 என்று வென்று, பின்னர் வேல்சுடன் மாஸ்கோவில் 0-0 என்று சமன் கண்டு, கார்டிப் நகரில் 1-0 என்று வென்று, 2004 ஐரோப்பியக் கிண்ணத்திற்குள் ரஷ்யா நுழைந்தது. போர்த்துகலில் முதல் ஆட்டம் ஸ்பெயினிடம் தோல்வி. அப்போது அலெக்சாண்டர் மஸ்தவோய் என்னும் மூத்த ஆட்டக்காரர், பயிற்சி முறையைக் குறை கூறிச் செய்தியாளரிடம் பேசினார். யார்ட்செவ் அவரை வீட்டுக்கு அனுப்பினார். மஸ்தவோய்க்கு அப்போது வயது 35. சுவிட்சர்லாந்துக்கு எதிராக ஒரு கோலை அடித்தவரும் அவர்தான். குழுவின் ஒழுங்கைக் காக்கத்தான் யார்ட்செவ் அப்படிச் செய்தார் என்பது எனக்கு விளங்குகிறது. ஆயினும், வயது கடந்தும் வாய்ப்புப் பெற்ற ஒருவர், வயது கடந்த ஒருவரை வாசலுக்கு அனுப்பும் காட்சி என் மனத்தை உறுத்துகிறது. அவரைக் குறை கூற நான் யார்? வகுப்பில் எதிர்த்துப் பேசிய மாணவனை வெளியே நிற்க வைத்தவன்தானே நானும்!

அடுத்துப் போர்த்துகலிடமும் தோற்று, ரஷ்யா வாய்ப்பிழந்தது. கடைசி ஆட்டம் கிரேக்கத்துடன். அதே நேரத்தில் ஸ்பெயினும் போர்த்துகலும் மோதியதால் ஊரெல்லாம் அதையே பார்த்தது. மறுநாள் காட்டிய காட்சிகளில்தான் நான் இதைக் கண்டேன். 67ஆம் விநாடியில் கிரிச்சென்கோ கோலடித்தார். ரஷ்யா 2-1 என்று வென்றது. அந்தத் தொடரில் கிரேக்கம் தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில் மட்டுமே; இரு வாரங்களில் அதே கிரேக்கம் ஐரோப்பிய வாகையரானது. எல்லைக்கோட்டருகே நின்ற யார்ட்செவின் முகத்தில் மகிழ்ச்சியை நான் தேடினேன். சுருக்கம் விழுந்த அந்த முகம் இறுகியே இருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் லிஸ்பனில் ரஷ்யா 1-7 என்று தோற்றது. 2005இல் அவர் பதவி விலகினார்.

அவர் கண்ட தோல்விகளைப் பட்டியலிடுவது எளிது. எனக்கு வேறொன்று பெரிதாகப் படுகிறது. 2004 ஏப்ரலில், 18 வயது நிறைந்து மூன்று வாரம் கூட ஆகாத ஒரு கோல்காவலனைத் தேசியக் குழுவில் முதன்முதலாக ஆட வைத்தவர் யார்ட்செவ். அந்த இளைஞர் இகோர் அக்கின்பெயெவ். 2018 உலகக் கிண்ணத்தில், மாஸ்கோ லுஸ்னிக்கி அரங்கில், ஸ்பெயின் வீரர்களின் இரண்டு பெனால்டி உதைகளைத் தடுத்து ரஷ்யாவைக் காலிறுதிக்குக் கொண்டு சென்றவர் அவரே. இரண்டாவது உதையைக் காலாலேயே தடுத்தார். வயது முதிர்ந்தவன் என்று ஒதுக்கப்படாமல் வந்தவர், வயது போதாதவன் என்று ஒருவனை ஒதுக்கவில்லை.

யார்ட்செவ் 2022 ஜூலையில், தம் 74ஆம் வயதில் காலமானார். செய்தியைப் படித்த அன்று மாலை, பழைய கோப்புகளுக்கிடையே அந்த ஆண்டின் குழுப்பட்டியலைத் தேடி எடுத்தேன். பதினெட்டுப் பெயர்கள் இருந்தன. முகங்கள் கூட ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. வெள்ளைக் காலணி அணிந்து வந்தவனின் பெயர் அதில் இல்லை. எவ்வளவு முயன்றும் அது எனக்கு நினைவுக்கு வரவுமில்லை.