மடியும் ஆசனமும்

மதுரைக்குத் தெற்கே, கண்மாய்கள் சூழ்ந்த சமவெளியில் விமான நிலையம் இருக்கிறது. விமானம் மேலெழுந்ததும் யானைமலை பொம்மை போலாகிறது, வைகை மணற்கோடாகிறது. கைக்குழந்தைகளோ தாய்மடியில் அமர்ந்தே இப்பிரயாணத்தைச் செய்கின்றன. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி ஆசனம் அவசியமில்லை என்பது விதி.

இதில் ஒரு விந்தை உண்டு. அவனியாபுரம் வழியாக மோட்டாரில் விமான நிலையம் செல்லும்போது குழந்தையைப் பாதுகாப்பு வாராலோ குழந்தை ஆசனத்தாலோ காக்க வேண்டும். தவறினால் 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதம். ஆகாயத்திலோ அன்னையின் கைகளே காப்பு!

அக்கைகள் போதுமா? 1989 ஜூலை 19 அன்று, அமெரிக்காவில் சூ சிட்டி என்னும் நகரில் பழுதுற்ற விமானம் ஒன்று தரையில் மோதியது. அதற்குமுன், மடிக்குழந்தைகளைக் காலடியில் கிடத்திப் பிடித்துக்கொள்ளும்படி தாய்மாருக்குச் சொல்லப்பட்டது. ஒரு குழந்தை மாண்டது. அவ்விதம் சொல்ல நேர்ந்த பணிப்பெண் ஜான் பிரவுன், குழந்தைகளுக்குத் தனி ஆசனம் கோரிப் பல்லாண்டு வாதாடினார். அதிர்ச்சியில் பாரம் பன்மடங்காகும்; பாசம் மிகுந்த பிடியும் நழுவும்.

எனவே, வசதியுள்ளோர் குழந்தைக்கும் டிக்கெட் வாங்குவாராக. விமானத்துக்கு ஏற்றதெனச் சான்று பெற்ற ஆசனத்தை, கம்பெனியாரை முன்கூட்டியே கேட்டு, ஜன்னலோரம் பொருத்துவாராக. பாரதத்தின் நாளைய பிரஜைக்கு ஓர் ஆசனம் அதிகமன்று.