குண்டில் வெட்டிய பேர்கள்

எவர்சில்வர் குடத்தில் பேர் வெட்டுவதும் எஃகுக் குண்டில் பேர் வெட்டுவதும் ஒரே வேலைதான் என்று கடைக்கு வருகிறவர்கள் நினைக்கிறார்கள். கை அப்படி நினைப்பதில்லை. குடத்தின் தகடு மெல்லியது. ஊசியை வைத்ததும் உள்ளே வாங்கிக்கொள்ளும், கொஞ்சம் அழுத்தினால் நெளிந்துவிடும். பெத்தாங்க் என்ற பிரெஞ்சு ஆட்டத்தின் குண்டோ எதிர்க்கும். ஊசி வழுக்கும், எழுத்தின் வால் ஓடிப்போய்விடும். குண்டு உள்ளே வெறும் கூடு என்பதால் அதிர்வு முழுவதும் விரலுக்கே திரும்பி வரும். மரக்கட்டையில் குழி தோண்டி, அதில் தோல் விரித்து, குண்டைப் பதிய வைத்த பிறகுதான் நான் கருவியையே எடுப்பேன்.

புதுச்சேரி பெரிய மார்க்கெட் பக்கம் பாத்திரக் கடை வாசலில் உட்கார்ந்து பேர் வெட்டுகிறவன் நான். அப்பாவுக்கும் இதே தொழில். அவர் காலத்தில் பித்தளையும் வெண்கலமும். உளியும் சுத்தியும் கொண்டு புள்ளி புள்ளியாக அடித்து எழுத்தைக் கொண்டுவருவார். எனக்கு மின்சார ஊசி. சீர்வரிசைப் பாத்திரத்தில் பெண்ணின் இனிஷியல், அன்பளிப்பு கொடுத்தவர் பேர், ஊர், தேதி. பந்திக்கு இரவல் போன அண்டா வீடு திரும்ப வேண்டுமே என்பது ஒரு காரணம். இது அவள் அம்மா வீட்டிலிருந்து வந்தது என்று புகுந்த வீட்டில் யாரும் மறந்துவிடக் கூடாதே என்பது இன்னொன்று. இந்த வேலைக்கு நடுவே அவ்வப்போது ஒரு குண்டு வரும். இந்த ஊரில் தொழில் செய்கிறவனுக்கு வாய்த்த பாக்கியம் அது.

பெத்தாங்க் ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். 1900களின் தொடக்கத்தில், தென் பிரான்சில் லா சியோத்தா என்ற துறைமுக ஊரில் பிறந்த ஆட்டம் இது. மூட்டுவலியால் ஓடி வந்து எறிய முடியாமல் போன ஒருவருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியும்படி விதியை மாற்றினார்களாம். தரையில் சின்ன வட்டம் போட்டு அதற்குள் நின்று, ஆறிலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கிடக்கும் சின்ன மரக் குண்டை ஒட்டி உங்கள் குண்டைப் போட வேண்டும். எதிராளியின் குண்டு நெருங்கியிருந்தால் அதை அடித்து விலக்கலாம். பதின்மூன்று புள்ளி எடுத்தால் ஜெயம். உலோகக் குண்டு வருவதற்கு முன்னால் குண்டுகள் மரத்தில்தான் இருந்தன. ப்ரோவான்ஸ் மலைப்பகுதியில் ஏகீன் என்ற ஊரில் புதர்மர வேரைக் கடைந்து, அதன் மேல் ஆணிகளைச் செதில் செதிலாக அடித்து மூடுவார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். வெவ்வேறு நிற ஆணிகளால் ஆடுபவரின் முதலெழுத்துகளையும் அதிலேயே கொண்டுவருவார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பேர் வெட்டும் தொழிலில் அதற்கு மேல் ஒன்றில்லை என்பது என் எண்ணம்.

இப்போதைய குண்டு எஃகு. துண்டு எஃகைக் காய்ச்சித் தட்டாக்கி, இரண்டு அரைக்கோளமாக அழுத்தி, ஒட்டவைத்து, கடைந்து, சூடேற்றிப் பதம் ஏற்றுகிறார்கள். போட்டிக்கான குண்டின் எடை 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை, விட்டம் 7.05 சென்டிமீட்டரிலிருந்து 8 வரை இருக்கலாம். வாங்கிய பிறகு அதை எந்த வகையிலும் மாற்றக் கூடாது, திரும்பக் காய்ச்சவும் கூடாது. ஆனால் ஆடுபவர் தன் பேரையோ முதலெழுத்தையோ வெட்டிக்கொள்ளலாம் என்று சர்வதேச விதியே அனுமதிக்கிறது. என் பிழைப்பு அந்த ஒரு வரியில் இருக்கிறது.

புதுச்சேரியில் இந்த ஆட்டம் எப்படி வேரூன்றியது என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் பிரான்சிடமிருந்து இந்தியாவின் கைக்கு வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்களுக்கு அதன் பிறகு ஆறு மாத அவகாசம் இருந்தது. அப்படி வைத்துக்கொண்டவர்களில் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பங்கள் நிறைய. இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பிரான்சிலும் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்கள், சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் மண் தரை தேடிப்போய் ஆடினார்கள். அவர்கள் வீட்டு அலமாரிகளில் மூன்று மூன்றாகத் தோல்பையில் கிடக்கும் குண்டுகள்தான் என்னிடம் வருகின்றன.

அப்படி வந்தவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுத உட்கார்ந்தேன். தாத்தாவின் குண்டு என்று சொல்லி ஒரு பெண் கொண்டுவந்தாள். கூடவே பாட்டியின் பித்தளைக் குடமும் இருந்தது. குண்டில் ஆறு ஜோடி பிரெஞ்சு எழுத்துகள், நடுவில் ஒரே ஒரு தமிழ் எழுத்து: ‘ம’. வழக்கமாக ஒரு குண்டில் ஒருவர் பேர்தான் இருக்கும்.

“அண்ணே, எழுத்தெல்லாம் மழுங்கிப் போச்சு. திரும்ப ஆழமா வெட்டி, பளபளன்னு பாலிஷ் போட்டுக் குடுங்க. அம்மா அறுபதாம் கல்யாணத்துக்கு வெக்கணும்” என்றாள்.

அவள் சொன்ன கதை இது. தாத்தா சொல்தா. லீவில் ஊருக்கு வந்தபோது நண்பர்களோடு ஆடுவார். அடித்து விலக்குவதில் கெட்டிக்காரர். ஆட்டக்களத்தை ஒட்டிய வீட்டுப் பெண் தண்ணீர்க் குடத்தோடு கடந்துபோனால் மட்டும் அவருக்குக் குறி தப்பும். அவருக்கே விளங்குவதற்கு முன்னால் கூட ஆடினவர்களுக்கு விளங்கிவிட்டது. அவர்களே போய்ப் பெண் கேட்டார்கள். பெண்ணின் அப்பா மறுத்தார். “சொல்தாவுக்குக் குடுத்தா எந்தத் தேசத்துல கொண்டுபோய் விடுவானோ!” அவளைத் தவிக்க விடமாட்டான், அதற்கு நாங்கள் பொறுப்பு என்று மாப்பிள்ளையும் ஐந்து நண்பர்களும் ஒரு குண்டில் தங்கள் எழுத்தை வெட்டி அவரிடம் கொடுத்தார்கள், முச்சலிக்கா எழுதிக் கொடுப்பதைப் போல. அவர் அதை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பெண்ணைக் கொடுத்தார். குண்டு, இந்தோசீனாவில் நடந்த தியன் பியன் பூ சண்டைக்கு முன்னால் தாத்தா சைகோனில் வாங்கியது.

நான் குண்டை வாங்கிக் கட்டையில் வைத்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். நேர் வெளிச்சத்தில் தேய்ந்த எழுத்து தெரியாது. பக்கவாட்டில் விழும் வெளிச்சம் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் கொடுக்கும். கோயில் சுவரில் கல்வெட்டு படிக்கிறவர்கள் செய்வதும் இதுதான். பாகூர் குப்புசாமி நம் வட்டாரக் கல்வெட்டுகளைத் திரட்டியவர். அவர் மாதிரியான ஆட்கள் கல்லில் பார்த்ததை நான் கைக்கடக்கமான இரும்பில் பார்க்கிறேன்.

முதலில் கம்பெனி முத்திரை. ‘ஓபுட்’ என்று இருந்தது. பிரான்சில் சேன் போனே லெ ஷாத்தோ என்ற ஊரில் 1955-இல் தொடங்கிய கம்பெனி அது. தியன் பியன் பூ விழுந்தது 1954 மே 7. ஆக, சைகோன் கதை நிற்காது. குண்டு அதற்குப் பிந்தியது.

அடுத்து ஆறு ஜோடி எழுத்துகள். எல்லாம் எழுத்து அச்சால் அடித்தவை, ஒரே அச்சுப் பெட்டி. ‘ஆர்’ எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அதன் காலில் ஒரே இடத்தில் ஒரே உடைப்பு. ஆனால் ஆழம் ஒன்றல்ல. ஒரு ஜோடி பயந்து பயந்து அடித்தது, மேலாகப் பதிந்திருக்கிறது. இன்னொன்று ஒரே அடியில் இறங்கியிருக்கிறது. ஒன்று இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, இடக்கைக்காரரின் அடி. ஒன்றில் அச்சு துள்ளி இரட்டைக் கோடு. ஒரே ஆள் ஆறு பேருக்கும் அடித்திருந்தால் இத்தனை விதம் வராது. ஆறு பேரும் ஆளுக்கொரு முறை சுத்தியலை வாங்கி அடித்திருக்கிறார்கள். எழுத்தின் வடிவம் அச்சுடையது, அடி அவரவருடையது. பேனாவால் போட்ட கையெழுத்துக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

எழுத்துகளின் மேல் சிறிதும் பெரிதுமாக ஆட்ட வடுக்கள் இருந்தன. எழுத்தின் கோடு வடுவுக்குள் போய் நசுங்கியிருந்தால் எழுத்து முந்தி, வடு பிந்தி. ஆறு ஜோடியும் அப்படித்தான். அதாவது எழுத்து வெட்டிய பிறகும் இந்தக் குண்டு நன்றாக ஆடியிருக்கிறது. அலமாரியிலேயே பூட்டிக் கிடந்த குண்டு அல்ல இது.

‘ம’ மட்டும் வேறு. அச்சு அல்ல, புள்ளி உளி. வடுக்களின் மேலே ஏறிப் போகிறது, விளிம்பு இன்னும் விரலைக் கீறுகிறது. ஆட்டமெல்லாம் ஓய்ந்த பிறகு வெட்டியது. அப்போதுதான் குடத்தைப் பார்த்தேன். குடத்திலும் ‘ம’ இருந்தது. அதே உளி, புள்ளிகளுக்கு நடுவே அதே இடைவெளி, கடைசிப் புள்ளியை இரண்டு முறை அடிக்கும் அதே பழக்கம். என் அப்பாவின் கை இல்லை, அவர் கடைசிப் புள்ளியை இரட்டிக்க மாட்டார். மார்க்கெட்டில் அந்தக் காலத்தில் இருந்த வேறொருவர். குடத்தில் 1979 என்று தேதி இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுடைய கல்யாணத்துக்குக் குடத்தில் பாட்டி பேரை வெட்டக் கொண்டுபோனபோது குண்டும் கூடப் போயிருக்கிறது.

அந்தப் பெண் அங்கேயே நின்று பிரான்சிலிருக்கும் பெரியம்மாவுக்கு போன் போட்டாள். பெரியம்மா சிரித்தது எனக்கும் கேட்டது. “ஆமாண்டி. நான் பொறந்ததும் உங்க கொள்ளுத்தாத்தா குண்டை எடுத்து மாப்பிள்ளை கையில குடுத்துட்டாரு. பொண்ணையும் குடுத்தேன், ஈட்டையும் திருப்பிட்டேன்னு ஊரெல்லாம் சொல்லுவாராம்.”

சைகோன் போனால் போகட்டும். குடும்பம் சொல்லி வந்ததைவிட நல்ல கதை இரும்பில் இருந்தது.

திரும்ப ஆழமாக வெட்டித் தர மாட்டேன் என்று சொன்னேன். அவளுக்கு வருத்தம்தான். என் ஊசி அந்தப் பள்ளங்களில் ஒரு முறை ஓடினால் ஆறு பேரின் அடியும் போய், என் ஒருவனுடைய அடி மட்டும் மிஞ்சும். கடற்கரையில் நம் மேரி, அதாவது நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. பிறகு அதே வடிவத்தில் எழுப்பினார்கள், பார்க்க அழகாக இருக்கிறது. விழுந்துவிட்டதைத் திரும்பக் கட்டலாம், அது நியாயம். இந்தக் குண்டு விழவில்லையே.

பத்திரப்படுத்தப் போய்க் கெடுத்த கதை வேறு இடத்திலும் உண்டு. அமெரிக்காவில் பேஸ்பால் அணி முழுவதும் ஒரே பந்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் வழக்கம் உண்டு. தையல்கள் நெருங்கி வரும் இடத்தை மேனேஜருக்கு விட்டுவைப்பார்கள். 1930களில் அந்தப் பந்துகளைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துப் பலர் மேலே அரக்கு வார்னிஷ் பூசினார்கள். நாளாக நாளாக வார்னிஷ் பழுப்பேறி, மையெல்லாம் அதற்கடியில் மங்கிப் போனது. அந்தக் காலப் பந்துகளில் லீக் தலைவரின் பேர் அச்சாகியிருக்கும், அதை வைத்தே காலத்தைச் சொல்லிவிடுவார்கள், நான் ஓபுட் முத்திரையை வைத்துச் சொன்ன மாதிரி. அங்கே போலிக் கையெழுத்தும் ஏராளம். நட்சத்திர ஆட்டக்காரருக்குப் பதில் உடைமாற்றும் அறைப் பையன் போட்டுத் தந்ததும் உண்டு. நம் குண்டுகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. விலை இல்லாததால் போலியும் இல்லை. விலை இல்லாததால்தான் காயலான் கடைக்கும் போகின்றன.

அந்தக் குண்டுக்கு நான் செய்தது கொஞ்சம். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்தேன். துரு பிடித்த இடங்களில் எண்ணெய் தொட்டு ஊறவிட்டு, மூங்கில் குச்சியால் எடுத்தேன். எழுத்துகளின் மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்தேன். அந்தப் படியைத்தான் சட்டம் போட்டுக் கல்யாண மேடையில் வைத்தார்கள், கீழே குண்டு. படியில் எழுத்துகள் குண்டில் இருப்பதைவிடத் தெளிவாகத் தெரிந்தன என்று அந்தப் பெண் பிறகு வந்து சொன்னாள்.

இந்த ஊரில் பெத்தாங்க் குண்டு வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என் வேண்டுகோள். உப்புக்காற்று எஃகைத் தின்னும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு துளி மெஷின் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைத்து வையுங்கள். உப்புத்தாள் போடாதீர்கள். பித்தளைக்குப் போடுவதுபோல் புளி போடாதீர்கள், நிக்கல் முலாம் பூசாதீர்கள். ஈரம் இழுக்கும் தோல்பையை விட்டு வெளியே எடுத்து வையுங்கள். முக்கியமாக, எந்த எழுத்து யாருடையது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக் குண்டோடு வையுங்கள். கேட்டால் சொல்ல அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள். படி எடுக்கத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், அதற்கு நான் காசு வாங்குவதில்லை.