நாட்காட்டியில் இட்ட புள்ளிகள்

தலைவலி, பல்வலி, மூட்டுவலி என ஒவ்வோர் உறுப்பின் வலிக்கும் எங்கள் வீட்டில் ஒரு பெயர் உண்டு. அடிவயிற்றின் வலிக்கு மட்டும் பெயர் கிடையாது. “உடம்புக்கு முடியவில்லை” என்று சொன்னால் போதும்; பெண்கள் புரிந்துகொள்வார்கள், ஆண்கள் வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள். பெயரில்லாத அந்த வலியோடு நான் ஆறு ஆண்டுகள் வாழ்ந்தேன். அதற்குப் பெயர் கிடைத்த கதையை இங்கே எழுத முற்படுகிறேன். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும், இந்தக் கூச்சமே என் நோயில் பாதி என்று அறிந்துகொண்ட பிறகு, இன்னமும் அதற்கு அடங்கி வாய்மூடியிருப்பது நேர்மையாகத் தோன்றவில்லை.

கீழக்கரை வழக்கப்படி, மணமான பின்னும் நான் உம்மாவின் வீட்டிலேயே வாழ்கிறேன். கணவர் சஃபரில் இருக்கிறார். பிள்ளைகள் இருவர். உள்ளூர்ப் பள்ளியில் ஆசிரியைப் பணி. 2017-ஆம் ஆண்டு, எனக்கு 36 வயதானபோது, மாதந்தோறும் 5 நாளில் முடிந்துகொண்டிருந்தது 8 நாளாயிற்று. பிறகு 11 நாளாயிற்று. உதிரம் காண்பதற்கு இரண்டு நாள் முன்பே அடிவயிறு கனக்கத் தொடங்கும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போன்றதொரு வலி இடுப்பைச் சுற்றித் தொடைவரை இறங்கும். வகுப்பில் கரும்பலகையின் பக்கம் திரும்பி, எதையோ எழுதப் போகிறவளைப் போல் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி, அந்த அலை அடங்கும்வரை நிற்பேன். அணிந்திருந்த கறுப்பு அங்கி, கறை வெளியே தெரியாமல் காத்தது என்பதையும் மறைப்பானேன்?

உம்மா வெந்தயம் ஊறவைத்துத் தந்தார். உளுந்தங்களி கிளறித் தந்தார். “பெண்ணாகப் பிறந்தால் பொறுத்துத்தான் ஆகவேண்டும், மகளே” என்றார். மாத்திரை கேட்டுச் சென்ற இடங்களிலெல்லாம், “வயிறு வலிக்கிறது” என்று மட்டுமே சொன்னேன். ஆகவே வயிற்றுப் புண்ணுக்கும் வாயுவுக்கும் மருந்து கொடுத்தார்கள். நான் சொன்னதற்கு அவர்கள் மருந்து கொடுத்தார்கள். சொல்லாததற்கு எவர்தாம் கொடுக்க முடியும்?

அந்த ஆண்டுகளில் என் வலியை ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது ஒன்றே ஒன்று: என் அறைச் சுவரில் தொங்கிய மாத நாட்காட்டி. தொழுகை இல்லாத நாள்களுக்கு அதில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். 13 வயதில் உம்மா கற்றுத்தந்த பழக்கம் அது. ரமலானில் விடுபட்ட நோன்புகளை எண்ணிக் களாச் செய்வதற்கு அந்தக் கணக்கு வேண்டும். எங்கள் ஷாஃபி மத்ஹபில் 15 நாளைக் கடந்து நீளும் உதிரம் நோயின் உதிரம். அதற்காகத் தொழுகையை விட்டுவிட முடியாது. அதற்கும் கணக்கு வேண்டும். ஆகவே ஆண்டு முடிந்ததும், பழைய நாட்காட்டியைக் கழற்றும் முன் ஒவ்வோர் ஏட்டையும் கைப்பேசியில் படம் பிடித்து வைத்துக்கொள்வேன். 2019 முதல் 2022 வரை நான்கு ரமலான்களில் எனக்குச் சேர்ந்த களா நோன்புகள் 41. அதில் ஒன்றை நோற்றிருந்த 2022 டிசம்பர் மாலையொன்றில், அடுப்படியில் மயங்கி விழுந்தேன்.

ஜனவரியில் இராமநாதபுரத்துக்கு ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றார்கள். காத்திருக்கும் அறையில், சிசு ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்னும் அறிவிப்புப் பலகை. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி எல்லா ஸ்கேன் நிலையங்களிலும் தொங்கும் பலகை அது. பக்கத்திலிருந்த அம்மையார், “எத்தனையாவது மாசம் தங்கச்சி?” என்று அன்போடு கேட்டார். ஸ்கேன் என்றாலே குழந்தைக்குத்தான் என்பது நம் எண்ணம். ஆனால் கிளாஸ்கோ நகரில் இயன் டொனால்டு என்னும் மருத்துவர் 1958-இல் தம் சகாக்களோடு இந்த ஒலியலை முறையைப் பற்றி வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, பெண்களின் வயிற்றில் காணும் கட்டிகளைப் பற்றியது. தீராத புற்று என்று கைவிடப்பட்ட ஒரு பெண்ணின் வயிற்றில் இருந்தது, அகற்றக்கூடிய சினைப்பை நீர்க்கட்டியே என்று அந்தக் கருவி காட்டிக்கொடுத்தது. இதைப் பின்னாளில் படித்தபோது, அந்த அறையில் நான் தலைகுனிந்து அமர்ந்திருந்தது நினைவுக்கு வந்தது.

ஸ்கேன் ரிப்போர்ட்டில், கருப்பை பருத்திருப்பதாகவும், 3 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி இருக்கலாம் என்றும் எழுதியிருந்தது. அதைப் பார்த்த மருத்துவர் என்னைத் தொட்டுச் சோதிக்கவில்லை. எங்கே வலிக்கிறது என்றும் கேட்கவில்லை. “இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களே, இனி கருப்பை எதற்கு? எடுத்துவிடலாம். வியாழக்கிழமை வந்து சேர்ந்துவிடுங்கள்” என்றார். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது.

‘கட்டி’ என்ற சொல் வீட்டுக்கு வந்ததும் எல்லோர் முகமும் மாறிற்று. மாமி ஓடிவந்து, “எடுத்துப் போட்டுவிட்டால் நிம்மதிம்மா” என்றார். கணவர் தொலைபேசியில், “செலவைப் பற்றி யோசிக்காதே” என்றார். உனக்கு என்ன செய்கிறது என்று அவருக்குக் கேட்கத் தெரியவில்லை. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 15 ஆண்டு இல்லறத்தில், எங்கள் இருவருக்கும் பொதுவாக அதற்கொரு சொல் இல்லாமல் போயிற்று.

அன்றிரவு உண்மையில் நான் அஞ்சியது அறுவையை அன்று, அறியாமையை. எதற்காக எடுக்கிறார்கள் என்று தெரியாமல் என் உடம்பின் ஓர் உறுப்பை எப்படிக் கொடுப்பது? வியாழக்கிழமை நான் போகவில்லை. மதுரையில் வாழும் ராத்தாவிடம் முதன்முறையாக எல்லாவற்றையும், நாள் கணக்கும் துணிக்கணக்குமாக, வாய்விட்டுச் சொன்னேன். “நாளைக் காலை பஸ் ஏறு” என்றார் அவர்.

மதுரை டாக்டரம்மா ரிப்போர்ட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, “முதலில் நீங்கள் சொல்லுங்கள்” என்றார். எத்தனை நாள், எத்தனை நாளுக்கொரு முறை, எப்போதிருந்து என்று கேட்டார். தடுமாறினேன். பிறகு நினைவு வந்து, கைப்பேசியிலிருந்த நாட்காட்டிப் படங்களைத் தயக்கத்தோடு நீட்டினேன். அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி வெகுநேரம் பார்த்தார். “இது எதற்காகக் குறித்தது?” என்றார். “நோன்புக் கணக்குக்காக” என்றேன். “இதைவிட நல்ல ரிப்போர்ட் எனக்குக் கிடைக்காதம்மா. வலி இந்தப் புள்ளிக்கு முன்பா, பின்பா?” என்று கேட்டார். முன்பே தொடங்கி, புள்ளிகள் முடியும்வரை நீடிக்கும் என்றேன். அந்தக் கேள்வியை ஆறு ஆண்டுகளில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அதன்பின் சோதித்தார். உள்வழி ஸ்கேன் எடுத்தார். இரத்தத்தில் ஹீமோகுளோபின் 7.6 கிராம், பெண்களுக்குக் குறைந்தது 12 இருக்கவேண்டும். புற்று இல்லையென்று உறுதி செய்துகொள்ளக் கருப்பையின் உட்சவ்விலிருந்து சிறு துணுக்கு எடுத்து அனுப்பினார். முடிவு வரும்வரை உதிரத்தைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை தந்தார். ஜப்பானியப் பெண் மருத்துவர் உடாகோ ஒகமோட்டோவும் அவர் கணவரும் 1962-இல் உலகுக்கு அறிவித்த மருந்து அது.

பத்து நாள் கழித்து, ஸ்கேன் ரிப்போர்ட்டின் பின்புறத்தில் ஒரு படம் வரைந்து விளக்கினார். நார்க்கட்டி இருப்பது உண்மை. அது தசையில் வளரும் கட்டி, புற்றன்று. புற்றாக இருப்பது மிக மிக அரிது. ஐம்பது வயதுக்குள் பெரும்பாலான பெண்களுக்கு அது வந்துவிடுகிறது. பலருக்கு இருப்பதே தெரிவதில்லை. அளவைவிட, இருக்கும் இடமே முக்கியம். கருப்பையின் உட்குழியை முட்டி நிற்கும் சிறு கட்டி பெருக்காக உதிரம் போகச் செய்யும்; வெளிப்புறம் புடைத்து நிற்பது பெரும்பாலும் அவ்வாறு செய்யாது. என்னுடையது வெளிப்புறத்தது. “ஆகவே இந்தக் கட்டியின் மீது பழி போட முடியாது” என்றார் புன்னகையோடு.

வலிக்கும் பெருக்குக்கும் காரணம் வேறு. மாதந்தோறும் தடித்துக் கழிய வேண்டிய உட்சவ்வின் திசு, கருப்பையின் தசைச்சுவருக்குள்ளேயே புகுந்து வளர்ந்திருந்தது. சுவர் தடித்து, கருப்பையே பருத்திருந்தது. அதன் பெயர் அடினோமயோசிஸ். முன்காலத்தில் கருப்பையை எடுத்துச் சோதித்த பின்பே உறுதியாகச் சொல்ல முடிந்த இந்நோயை இப்போது ஸ்கேனிலேயே பெரும்பாலும் கண்டுகொள்கிறார்கள். வாயில் நுழையாத அந்தப் பெயரை மனத்துக்குள் இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். என் வலி பொய்யன்று, பொறுமைக் குறைவும் அன்று. அதற்கொரு பெயர் இருக்கிறது என்று எண்ணியபோது கண்ணீர் வந்துவிட்டது.

வழிகளையும் வரிசையாகச் சொன்னார். மாத்திரைகள் ஒரு வழி. ஹார்மோனைச் சிறிது சிறிதாகச் சுரக்கும் சிறு சாதனத்தைக் கருப்பைக்குள் பொருத்துவது ஒரு வழி. எதுவும் பலிக்காவிட்டால் கருப்பையை அகற்றுவது. அதுதான் முற்றான தீர்வு. “இன்றே முடிவு செய்ய வேண்டாம்” என்றார். கருப்பையை எடுக்கவே கூடாது என்பது என் வாதமன்று. அதனால் உயிர் பிழைத்தவர்களும் வாழ்வு மீண்டவர்களும் உண்டு. ஆனால், மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் ஏழைப் பெண்கள் இளவயதிலேயே கருப்பையை இழந்த செய்தி 2019-இல் நாட்டையே உலுக்கிற்று. தேவையற்ற இத்தகைய அறுவைகளைத் தடுக்கும் நெறிமுறைகளை மாநிலங்கள் கைக்கொள்ள வேண்டுமென்று 2023-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. எடுப்பதா வேண்டாமா என்பதைவிட, அவளிடம் கேட்டார்களா என்பதே கேள்வி.

ஊர் திரும்பும் பஸ்ஸில் என் நினைவு வெகுதூரம் சென்றது. நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் என்னும் பெண்மணி நேரே சென்று, தமக்கு உதிரம் நிற்பதில்லையே, தொழுகையை விட்டுவிடுவதா என்று கேட்டார். அது நரம்பிலிருந்து வரும் உதிரம், மாதவிலக்கு அன்று என விளக்கம் கிடைத்தது. கேட்டவர் நாணமற்றவர் எனக் கருதப்படவில்லை. அவருடைய கேள்வியால்தான் நமக்குச் சட்டமே கிடைத்தது. சென்னையில் 1885-இல் மேரி ஷார்லிப் என்னும் பெண் மருத்துவரின் முயற்சியால் எழுந்த கோஷா ஆஸ்பத்திரியும் நினைவுக்கு வந்தது. ஆண் மருத்துவர் முன் வர மறுத்து வீட்டுக்குள்ளேயே மடிந்த பெண்களுக்காகத் திறந்த கதவு அது. கதவு திறந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. நாம் இன்னும் வாயிலில் நின்று, “உடம்புக்கு முடியவில்லை” என்கிறோம்.

சாதனத்தைப் பொருத்திக்கொண்டேன். இரும்புச்சத்தை நரம்பு வழியே இருமுறை ஏற்றினார்கள். முதல் நான்கு மாதம் கறை விட்டுவிட்டு வந்தது. அப்படி வரும் என்று டாக்டரம்மா முன்னமே சொல்லியிருந்ததால் அஞ்சவில்லை. தொழுகையின் சட்டத்தை எங்களூர் ஆலிமா ஒருவரிடம் நேராகவே கேட்டேன்; அவரும் நேராகவே விடை சொன்னார். எட்டாம் மாதம் நாட்காட்டியில் மூன்றே புள்ளிகள். வலி அறவே போய்விட்டது என்று சொல்லமாட்டேன். கரும்பலகையைப் பார்த்து நிற்கவேண்டிய நாள்கள் குறைந்தன. ஹீமோகுளோபின் 12-ஐத் தொட்டது. நார்க்கட்டி அங்கேயே இருக்கிறது. ஆண்டுக்கொரு முறை சென்று அதை நலம் விசாரித்து வருகிறேன்.

ஒருநாள் உம்மா என்னருகே வந்தமர்ந்து, “அந்த டாக்டரம்மா வரைந்த படத்தைக் காட்டு” என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். “எனக்கும் இப்படித்தான் இருந்தது. என் உம்மாவுக்கும். வயது போனதும் நின்றுவிட்டது. பொறுக்கச் சொன்னேனே தவிர, எனக்கும் வலித்தது என்று உன்னிடம் சொன்னதில்லை” என்றார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

என் மகளுக்கு இப்போது 14 வயது. அவள் அறையிலும் ஒரு நாட்காட்டி தொங்குகிறது. புள்ளி வைக்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர் உம்மாதான். வலித்த நாளில் புள்ளியின் பக்கத்தில் ஒரு கோடும் போடச் சொன்னவரும் அவரே. எனக்கு, 41 களா நோன்புகளில் இன்னும் 12 மீதமிருக்கின்றன.