காத்திருப்பின் விலை

விளையாடுபவன் வெல்வதற்காகவே விளையாடுகிறான் என்பது பொதுவான எண்ணம். ஆயின், கழகமொன்றை நடத்துபவர்கள் ஒவ்வோராண்டும் வெற்றியையே குறியாகக் கொண்டு அதனை நடத்துகின்றனர் என்று கொள்வதற்கில்லை. ஐக்கிய அமெரிக்காவின் பேஸ்போல் உலகில், சில ஆண்டுகள் தோற்பதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, அணியை அடியிலிருந்து மீளக் கட்டியெழுப்பும் முறையொன்று வழங்கி வருகின்றது. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹூஸ்டன் அஸ்ட்ரோஸ் கழகம் 2011 முதல் 2017 வரை கடந்து சென்ற பாதை இம்முறைக்குத் தக்க சான்றாகும். அக்கழகம் தன் பணத்தை எங்கே செலவிட்டது, எங்கே செலவிட மறுத்தது என்பதை நோக்குமிடத்து, கணக்கேட்டில் பதியப்படாத செலவொன்றும் அங்கு இருந்தமை புலனாகும்.

இம்முறையை விளங்கிக்கொள்வதற்கு அவ்விளையாட்டின் சில ஏற்பாடுகளை அறிதல் வேண்டும். முதல்தரக் கழகமொன்று ஓராண்டில் 162 ஆட்டங்களில் பங்குபற்றும். இளவேனிலில் தொடங்கும் ஆட்டங்கள் இலையுதிர்காலத்தில் முடிவடையும். அதன்பின் வரும் குளிர்காலமே வீரர்களை வாங்குதல், பண்டமாற்றாகக் கைமாற்றுதல், விடுவித்தல் ஆகியன பெருமளவில் நடைபெறும் காலம். முதல்தரப் போட்டிகளில் ஏறத்தாழ ஆறாண்டுச் சேவையை நிறைவுசெய்யும் வரை ஓர் இளம் வீரர் தம் கழகத்துக்குக் கட்டுப்பட்டவர். முதல் மூன்றாண்டுகளிலே பெரும்பாலும் குறைந்தபட்சச் சம்பளத்தையோ அதற்குச் சற்று மேலானதையோ அவர் பெறுவார். 2013 இல் அத்தொகை 490,000 டொலர். பின்னர் நடுத்தீர்ப்பை நாடும் உரிமை கிடைப்பதால் சம்பளம் உயரும். ஆறாண்டின் பின்னரே எந்தக் கழகத்துடனும் பேரம்பேசும் சுதந்திரம் அவருக்குக் கிட்டும். அவ்வேளை அவர் பெரும்பாலும் முப்பது வயதை அண்மித்திருப்பார். ஆகவே, குளிர்காலச் சந்தையில் பெரும்பணம் கொடுத்து வாங்கப்படுவது பலவேளைகளில் ஒருவருடைய வருங்கால ஆற்றல் அன்று. அவருடைய கடந்தகாலப் புகழே.

புதியவர்களைத் தெரிவுசெய்யும் வரிசை மற்றோர் ஏற்பாடு. பாடசாலைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விளையாடும் இளைஞர்களைக் கழகங்கள் ஆண்டுதோறும் முறைவைத்துத் தெரிவுசெய்யும். அக்காலத்து விதிப்படி, முந்திய ஆண்டில் மிகக் கூடுதலாகத் தோற்ற கழகத்துக்கே முதலாவது தெரிவு உரியது. நலிந்த அணி மீண்டும் தலைநிமிர வேண்டும் என்ற நல்நோக்கில் அமைந்த இவ்விதி, நடுத்தரத்தில் நிற்பதைவிடக் கடைசியில் கிடப்பதே இலாபம் என்ற விபரீத நிலையையும் தோற்றுவித்தது.

அஸ்ட்ரோஸ் கழகம் 2005 இல் உலகத் தொடரின் இறுதிப் போட்டி வரை முன்னேறி, சிகாகோ வைற் சொக்ஸ் அணியிடம் தொடர்ந்து நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அந்த உயரத்தை மீண்டும் எட்டிவிடலாம் என்ற நம்பிக்கையில் 2006 நவம்பரில் கார்லோஸ் லீ என்னும் துடுப்பாட்டக்காரருக்கு ஆறாண்டுகளுக்கு 100 மில்லியன் டொலர் கொடுக்க ஒப்பந்தம் செய்தது. அவர் திறமையற்றவர் அல்லர். ஆயினும், அவ்வொப்பந்தம் நிலவிய ஆறு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அணி இறுதிக்கட்டப் போட்டிகளுக்குத் தகுதிபெறவில்லை. சூழவுள்ளவர்கள் மூப்படைந்துகொண்டிருக்க, தனியொருவர்மீது கொட்டப்பட்ட பணம் அணியைத் தாங்கிப் பிடிக்கவில்லை. 2012 ஜூலையில் அவர் மயாமிக்கு மாற்றப்பட்டார்.

2011 இறுதியில் ஜிம் கிரேன் கழகத்தின் உரிமையாளரானார். ஜெஃப் லூனோ பொது முகாமையாளராக நியமிக்கப்பட்டார். அனுபவமிக்கோரைக் கைமாற்றி இளைஞரைப் பெறும் முயற்சி அவ்வாண்டின் நடுப்பகுதியிலேயே தொடங்கியிருந்தது. புதிய நிருவாகம் அதனை எவ்விதத் தயக்கமுமின்றி முழுமைப்படுத்தியது. 2011 இல் 106 தோல்விகள். 2012 இல் 107. 2013 இல் 111. மூன்றாண்டுகளில் ஆடப்பட்ட 486 ஆட்டங்களில் 324 இல் தோல்வி. 2013 பருவத் தொடக்கத்தில் அணியினர் அனைவரதும் சம்பளத்தைக் கூட்டினாலும் 30 மில்லியன் டொலரை எட்டவில்லை. நியூ யோர்க் யாங்கீஸ் கழகத்தின் சம்பளப் பட்டியலோ 200 மில்லியனைத் தாண்டியிருந்தது.

பணம் செலவிடப்படவேயில்லை என்று கருதுதல் தவறு. அது வேறிடத்திற் செலவிடப்பட்டது. 2012 ஆம் ஆண்டின் தெரிவு இதற்கு நல்ல உதாரணம். அவ்வாண்டு முதற்கொண்டு இளைஞர் தெரிவுக்கெனக் கழகமொன்று செலவிடத்தக்க மொத்தத் தொகைக்கு எல்லை வகுக்கப்பட்டது. முதலாவது இடத்துக்கு ஒதுக்கப்பட்ட தொகை 7.2 மில்லியன் டொலர். அவ்விடத்தில் புவேர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த பதினேழு வயதினரான கார்லோஸ் கொரெயாவைத் தெரிந்து, 4.8 மில்லியனுக்கு உடன்படிக்கை செய்தனர். மிஞ்சிய பணத்தின் துணையுடன், கூடுதல் தொகை கேட்பார் என்று ஏனைய கழகங்கள் தயங்கி விட்டிருந்த லான்ஸ் மக்கலர்ஸ் என்னும் பந்தெறிவாளரைப் பின்னொரு சுற்றில் 2.5 மில்லியனுக்குப் பெற்றனர். ஒருவருக்குரிய விலையில் இருவர் வந்து சேர்ந்தனர். ஐந்தாண்டுகளின் பின் உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில் ஹூஸ்டனின் சார்பில் முதற்பந்தை எறிந்தவர் இந்த மக்கலர்ஸே.

ஆயினும், முதலாவது தெரிவு என்பது வெற்றிக்கான உறுதிப்பத்திரம் அன்று. 2013 இல் அவ்விடத்திற் தெரிவான மார்க் அப்பல் ஹூஸ்டனின் முதல்தர அணியில் ஒரு பந்துகூட எறியவில்லை. 2015 இறுதியில் பிலடெல்பியாவுக்கு மாற்றப்பட்ட அவர், 2018 இல் விளையாட்டிலிருந்தே விலகி, மீண்டும் வந்து, 2022 இலேதான் முதல்தர ஆட்டமொன்றிற் கால்பதித்தார். 111 தோல்விகள் நிகழவிருந்த ஓராண்டில், முந்திய 107 தோல்விகளின் கைம்மாறாகக் கிடைத்த தெரிவு அது.

2013 - 2014 குளிர்காலம் தனித்து நோக்கத்தக்கது. மூன்று நிகழ்வுகள் அக்காலத்துக்குரியன. முதலாவது, ஸ்கொட் ஃபெல்ட்மன் என்னும் பந்தெறிவாளருக்கு மூன்றாண்டுகளுக்கு 30 மில்லியன் டொலர் வழங்கப்பட்டது. அவர் பெருநட்சத்திரம் அல்லர். ஆயினும் பருவம் முழுவதும் முறைதவறாது எறிந்து, முதிராத இளைஞரின் தோள்கள்மீது சுமை ஏறாமற் காப்பதற்கு அத்தகைய ஒருவர் தேவைப்பட்டார். இரண்டாவது, கொலராடோ கழகம் கைவிட்ட கொலின் மக்ஹியூ என்பவரை அஸ்ட்ரோஸ் ஏற்றுக்கொண்டது. மிகச் சிறிய செலவில் வந்த அவர் 2014 இல் 11 ஆட்டங்களையும் 2015 இல் 19 ஆட்டங்களையும் வென்று கொடுத்தார். பிறர் காணாததைக் கண்ட கண்களுக்கு இது பெருமை சேர்ப்பதாகும்.

மூன்றாவது நிகழ்வு அக்கண்களின் குறையைக் காட்டுவது. ஜே. டி. மார்ட்டினெஸ் என்னும் துடுப்பாட்டக்காரர் மூன்று பருவங்கள் ஹூஸ்டனுக்காக ஆடிச் சாதாரண பெறுபேறுகளையே ஈட்டியிருந்தார். அக்குளிர்காலத்தில் அவர் தமது துடுப்பு வீச்சை முற்றாக மாற்றியமைத்து, வெனிசுவேலாவுக்குச் சென்று ஆடிப் பயின்றார். கழகமோ அவருடைய பழைய எண்களை வைத்துக்கொண்டு 2014 மார்ச் மாதத்தில் அவரை விடுவித்தது. வயது இருபத்தாறு. டெட்ரொயிட் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது; அவ்வாண்டே அவர் 23 ஹோம் ரன்களையும் 2017 இல் 45 ஹோம் ரன்களையும் அடித்தார். மூன்றாண்டுக் கணக்கைத் துல்லியமாக வாசித்தவர்கள் ஒரு குளிர்காலத்து உழைப்பை வாசிக்கத் தவறினர். இளைஞர்களை நம்பிக் கட்டப்படும் ஓர் அணி, இளைஞன் மாறக்கூடியவன் என்பதை மறந்தமை வியப்புக்குரியதே.

தோல்வியின் நாட்களை வேறுபலரும் சுமந்தனர். 2011 இல் 20 இலட்சத்தைத் தாண்டியிருந்த பார்வையாளர் தொகை மறு ஆண்டு ஏறத்தாழ 16 இலட்சமாகச் சுருங்கியது. 2013 செப்ரெம்பரில் ஓர் ஆட்டத்தின் தொலைக்காட்சி நேயர் மதிப்பீடு பூச்சியமெனப் பதிவாயிற்று. நகரின் பல வீடுகளுக்கு அந்த அலைவரிசை கிடைக்காதிருந்ததும் இதற்கொரு காரணமே. எனினும், ஒரு பெருநகரத்தின் அணிக்கு நேர்ந்த இந்நிலை எண்ணிப்பார்க்கத்தக்கது. நிருவாகத்துக்கு அம்மூன்றாண்டுகளும் முதலீடு. தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அரங்குக்கு வந்த ஒன்பது வயதுச் சிறுவனுக்கோ அவை அவன் குழந்தைப் பருவத்தின் மூன்று கோடைகள். அவை வட்டியுடன் திரும்பி வருவனவல்ல.

வீரர்களின் நிலையும் அத்தகையதே. வெனிசுவேலாவைச் சேர்ந்த ஹொசே அல்டூவே ஐந்தடி ஆறங்குல உயரமுடையவர். 15,000 டொலருக்கு ஒப்பந்தமானவர். 2011 ஜூலையில் அணிக்குள் வந்த அவர் அத்தோல்விக் காலம் முழுவதும் ஆடினார். 2017 இல் அவர் தமது லீக்கின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவாகி, உலகத் தொடர் வெற்றியிலும் பங்குகொண்டார். விதைப்பிலும் அறுவடையிலும் உடனிருந்தோர் அவரும் டலஸ் கைக்கல் முதலிய சிலருமே. 2013 இல் அணியிலேயே மிகக் கூடிய சம்பளமாக 3 மில்லியன் டொலர் பெற்ற பட் நொரிஸ், பருவம் முடியுமுன்னரே பால்ட்டிமோருக்கு அனுப்பப்பட்டார். அவரைப் போன்றோர் தோல்வியை மாத்திரம் சுமந்து சென்றனர்.

செலவிடவேண்டிய வேளை 2016 - 2017 குளிர்காலத்தில் வந்தது. கொரெயா, அல்டூவே, அலெக்ஸ் பிரெக்மன் முதலியோர் அப்போது குறைந்த சம்பளத்திலேயே முழு ஆற்றலுடன் ஆடினர். அதனால் மிஞ்சிய பணத்தில் ஜொஷ் ரெடிக்குக்கு நான்காண்டுகளுக்கு 52 மில்லியன், கார்லோஸ் பெல்ட்ரானுக்கு ஓராண்டுக்கு 16 மில்லியன், சார்லி மோர்ட்டனுக்கு ஈராண்டுகளுக்கு 14 மில்லியன் டொலர் வழங்கப்பட்டன. ஓகஸ்ட் இறுதியில் ஜஸ்டின் வேர்லாண்டரும் வந்து சேர்ந்தார். 2017 நவம்பர் 1 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸ் அணியை ஏழாவது ஆட்டத்தில் வென்று அஸ்ட்ரோஸ் தன் முதலாவது உலகத் தொடர்ப் பட்டத்தைப் பெற்றது. அவ்வாட்டத்தின் இறுதி நான்கு பகுதிகளிலும் பந்தெறிந்தவர் மோர்ட்டன். லீக்குக் கொடுத்த 100 மில்லியன் தராததை மோர்ட்டனுக்குக் கொடுத்த 14 மில்லியன் தந்தது. இருவரிடையிலான வேறுபாடு திறமையில் மாத்திரம் தங்கியதன்று. பணம் எந்த வேளையில், யார் சூழ நிற்க, செலவிடப்பட்டது என்பதிலேயே அது பெரிதும் தங்கியிருந்தது.

ஆயினும் கதை அங்கு முடிவுறவில்லை. 2017 பருவத்தில் அவ்வணி எதிரணியின் சைகைகளைக் கமெராவின் துணைகொண்டு களவாக அறிந்து ஆடியமை பின்னர் வெளிப்பட்டது. 2020 ஜனவரியில் கழகத்துக்கு 5 மில்லியன் டொலர் அபராதம் விதிக்கப்பட்டு, தெரிவு உரிமைகளும் பறிக்கப்பட்டன. லூனோவும் பயிற்றுநர் ஏ. ஜே. ஹின்சும் ஓராண்டு இடைநிறுத்தப்பட்டு, கழகத்தாலும் நீக்கப்பட்டனர். பெறுபேற்றையே யாவற்றுக்கும் மேலாக மதித்த நிருவாகப் போக்கினை விளையாட்டு ஆணையாளரின் அறிக்கை கண்டித்தது. மீள்கட்டுமானம் வேறு, களவு வேறு. ஒன்றிலிருந்து மற்றது பிறந்தே தீரும் என்று கூறுதல் பொருந்தாது. முடிவு நன்றாயின் வழியைப் பற்றி வினவவேண்டியதில்லை என்னும் மனப்பாங்கு இரண்டுக்கும் இடங்கொடுக்கவல்லது என்பது மாத்திரம் மறுக்கவியலாதது.

ஹூஸ்டனின் வெற்றி பிறருக்கும் ஆசையை ஊட்டிற்று. கடைசியிடத்தை நோக்கிய போட்டியே உருவாகிவிடுமோ என்ற அச்சமும் எழுந்தது. 2022 இல் வீரர் சங்கத்துடன் செய்யப்பட்ட புதிய உடன்படிக்கையின் பயனாக, 2023 முதல் முதலாறு தெரிவுகளும் சீட்டுக் குலுக்கலால் தீர்மானிக்கப்படுகின்றன. கடைசியில் நிற்பவருக்கு முதலாவது இடம் நிச்சயம் என்ற நிலை இதனால் நீங்கியது. தோல்விக்கு ஊக்கத்தொகை வழங்குதல் தகாது என்பதை விளையாட்டை நடத்துபவர்களே ஒப்புக்கொண்டதாக இதனைக் கருதலாம்.

பொறுமை நற்பண்பு என்பதில் ஐயமில்லை. முதிர்ந்த புகழை வாங்கிக் குவிப்பதிலும் இளம் ஆற்றலை வளர்த்தெடுப்பது மேலானது என்பதும் உண்மையே. ஆயினும், பொறுத்திருக்குமாறு முடிவுசெய்பவர் ஒருவரும் உண்மையிற் பொறுத்திருப்பவர் வேறொருவருமாக இருக்கும்போது, அப்பொறுமையை முழுதாகப் போற்றுதல் இயலாது. ஹூஸ்டனிலே சேமிக்கப்பட்டது டொலர். செலவிடப்பட்டது பிறருடைய காலம். மீளக் கட்டியெழுப்ப முனையும் எந்தக் கழகமும் தன் குளிர்காலக் கணக்கில் அச்செலவையும் ஒரு வரியாக எழுதிக்கொள்ளுமாயின், தோற்கும் ஆண்டுகளிலும் தன்னை நாடி வருவோருக்கு நேர்மையான ஆட்டமொன்றை அளிக்கவேண்டிய கடமை அதற்குப் புலப்படும்.