சித்தி சொன்னதும் நிஜம்... தம்பி சொன்னதும் நிஜம்!

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் டிஷ் ஆன்டெனா இருக்கிறதா? ஒருநாள் மாலை மேலே ஏறி, அது பார்க்கும் திசையிலேயே நீங்களும் அண்ணாந்து பாருங்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அங்கே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் இருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டம் வல்லத்திராக்கோட்டையில், சித்தப்பா வீட்டு மாடியில் இருப்பது டிடி ஃப்ரீ டிஷ். மாட்ட வந்தவர் அதைத் தென்கிழக்குப் பக்கமாகத் திருப்பி, டி.வி-யில் படம் தெளிந்ததும் நட்டை முறுக்கிவிட்டுப் போனார். அதோடு சரி. வருடக்கணக்கில் யாரும் அதைத் தொடவில்லை, படம் வந்துகொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் மேலே இருக்கும் ஜிசாட்-15 அசையாமல் நிற்கிறதா? இல்லை. நொடிக்கு 3 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒரு நாளில் ஒரு சுற்று. அந்தச் சுற்றின் தூரம் சுமார் 2,65,000 கிலோமீட்டர். அதே நேரத்தில் பூமியும் நம் மாடியைத் தூக்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றிவிடுவதால், நமக்கு அது ஆணியடித்து மாட்டியதுபோல ஒரே புள்ளியில் இருக்கிறது. விண்வெளியில் தள்ளி நின்று பார்ப்பவருக்கு அதன் பாதை வட்டம். சூரியனில் நின்று பார்க்க முடிந்தால், பூமி நொடிக்கு சுமார் 30 கிலோமீட்டர் வேகத்தில் அதையும் இழுத்துக்கொண்டு ஓடுவதால், லேசாக நெளிந்து நெளிந்து போகும் ஒரு கோடு.

இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள்கள் இன்னும் வேடிக்கை. 2013 ஜூலையில் முதலாவது ஏவப்பட்டது. இந்த வரிசையில் சில, பூமத்திய ரேகைக்கு 29 டிகிரி சாய்வான பாதையில் சுற்றுகின்றன. விண்வெளியில் இருந்து பார்த்தால் ஏறக்குறைய வட்டம்தான். தரையில் இருந்து கவனித்தாலோ, தினமும் வானத்தில் '8' போடுகின்றன, ஆர்.டி.ஓ ஆபீஸில் டூவீலர் லைசென்ஸுக்குப் போடுவது மாதிரி!

புள்ளியா, வட்டமா, நெளிகோடா, எட்டா... எது உண்மையான பாதை? ப்ளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இதற்கு ஒரு சொல் வருகிறது: 'குறிப்பாயம்'. எங்கே நின்றுகொண்டு, எதை அசையாதது என்று வைத்துக்கொண்டு அளக்கிறோமோ, அதுதான் நம் குறிப்பாயம். அதைச் சொல்லாமல் பாதை என்ன என்று கேட்டால், அந்தக் கேள்விக்கே பொருளில்லை.

ராக்கெட் எல்லாம் வேண்டாம், டவுன் பஸ்ஸே போதும். பஸ் மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகிறது. நின்றுகொண்டிருக்கும் உங்கள் கையில் இருந்து ஒரு ரூபாய் நாணயம் நழுவுகிறது. நெஞ்சு உயரத்தில் இருந்து தரைக்கு வர அரை நொடி. உங்களுக்கு அது நேர் கீழே, உங்கள் செருப்புக்குப் பக்கத்தில் விழுகிறது. ஆனால் அந்த அரை நொடியில் பஸ் ஏழரை மீட்டர் முன்னே போய்விட்டது. ரோட்டோர டீக்கடையில் இருப்பவர் ஜன்னல் வழியே அந்த நாணயத்தைப் பார்க்க முடிந்தால், அது ஏழரை மீட்டர் பறந்து வளைந்து விழுந்தது என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

இந்த யோசனை நம் நாட்டுக்குப் பழையது. 499-ஆம் ஆண்டு, 23 வயதில் ஆர்யபட்டீயம் எழுதிய ஆரியபட்டர், பூமிதான் சுழல்கிறது என்பதை விளக்க ஒரு படகைக் காட்டினார். படகில் போகிறவருக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதாகத் தெரிவதுபோல, சுழலும் பூமியில் இருக்கும் நமக்கு நட்சத்திரங்கள் மேற்கே போவதாகத் தெரிகிறது என்றார். 1917-ல் வெளியான சார்பியல் புத்தகத்தில் ஐன்ஸ்டைன் எடுத்துக்கொண்டது ஓடும் ரயிலில் இருந்து கீழே போடப்படும் ஒரு கல்லை. ரயிலில் இருப்பவருக்கு நேர்கோடு, பாதையோரம் நடப்பவருக்கு வளைகோடு.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தது எங்கள் குடும்பம், போன பொங்கல் லீவு வரைக்கும்.

சித்தப்பா மகன் புதுக்கோட்டையில் காலேஜ் படிக்கிறான். சாயங்காலம் திரும்பும் பஸ், நிறுத்தத்தைக் கொஞ்சம் தாண்டித்தான் நிற்கும். அதனால் வேகம் குறையும்போதே முன்படியில் இருந்து இறங்கிவிடுவது பையன்களின் பழக்கம். அன்றைக்கு அவன் இறங்கியபோது கால் இடறி, முட்டியிலும் உள்ளங்கையிலும் சிராய்ப்பு. நிறுத்தத்தில் நின்றிருந்த சித்தி அதைப் பார்த்துவிட்டார்.

வீட்டில் அன்று ராத்திரி பஞ்சாயத்து. "பஸ் கிட்டத்தட்ட நின்னுருச்சு. நான் நேரா கீழதான் கால வெச்சேன்" என்றான் தம்பி. "பொய் சொல்றான் பாப்பா. முன்னால பறந்து வந்து விழுந்தான், நான் கண்ணால பாத்தேன்" என்றார் சித்தி. மறுநாள் அதே பஸ்ஸின் கண்டக்டர் விசாரித்தது வேறு மாதிரி: "என்ன தம்பி, படியில நின்னவன் திடீர்னு பின்னால போயிட்ட?"

நேராக இறங்கினான், முன்னால் பறந்தான், பின்னால் போனான். மூன்று வாக்குமூலம். ப்ளஸ் ஒன் படிக்கும் அவன் தங்கைதான் முதலில் சிரித்தாள். "அக்கா, மூணு பேரும் சரியாத்தான் சொல்றாங்க!"

அவள் சொன்னது சரி. பஸ் மணிக்கு 20 கிலோமீட்டரில் போனதாக வைத்துக்கொள்வோம். உள்ளே இருப்பவருக்கு அது ஊர்வதுபோலத்தான் இருக்கும். இறங்குபவரின் உடம்பும் அதே 20 கிலோமீட்டரில்தான் போய்க்கொண்டிருக்கிறது. படியை விட்டுவிட்டதால் அந்த வேகம் போய்விடாது. 2023-ல் சிகாகோவில் மாரத்தான் உலக சாதனை படைத்த கெல்வின் கிப்டம் ஓடியது மணிக்கு சுமார் 21 கிலோமீட்டர். அதாவது, தோளில் பையோடும் காலில் செருப்போடும் இறங்குகிறவர், தரையில் கால் பட்ட முதல் நொடியிலேயே கிட்டத்தட்ட கிப்டம் வேகத்தில் ஓடியாக வேண்டும். முடியாவிட்டால் கால் தரையோடு நிற்கும், உடம்பு முன்னே போகும். நிறுத்தத்தில் இருந்த சித்தி பார்த்தது அதைத்தான்.

பஸ்ஸுக்குள் நின்று பார்த்தால் கதையே வேறு. அங்கே உடம்புக்கு வேகமில்லை. ரோடுதான் மணிக்கு 20 கிலோமீட்டரில் பின்னோக்கி ஓடுகிறது. அதில் கால் வைத்ததும் ரோடு காலைப் பிடித்துப் பின்னால் இழுக்கிறது. கண்டக்டர் பார்த்தது அது. தம்பிக்கு நினைவிருந்ததோ, கால் தரையைத் தொடும்வரை இருந்த கால் நொடி மட்டும். அதுவரை அவன் நிஜமாகவே நேர் கீழேதான் இறங்கினான்.

இங்கேதான் தங்கை புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டாள். "எல்லாமே பாக்கறவங்களப் பொறுத்துதுன்னா, அடிபடறதும் அப்படித்தானாக்கா?"

இல்லை. பாதை மாறும், வேகத்தின் கணக்கும் மாறும். ஆனால் காலும் ரோடும் மோதிக்கொள்ளும் வேகம், யார் நின்று அளந்தாலும் அதே 20 கிலோமீட்டர்தான். சிராய்ப்பு எல்லோருடைய குறிப்பாயத்திலும் சிராய்ப்புதான்.

மாறாத இன்னொன்றும் உண்டு. முன்படிக்குப் பின்னால் இருப்பது பஸ்ஸின் பின்சக்கரம். விழுந்து கிடப்பவரை நோக்கிச் சக்கரம் வந்தது என்று ரோட்டில் நிற்பவர் சொல்வார். விழுந்தவர் சக்கரத்தை நோக்கிப் போனார் என்று பஸ்ஸில் இருப்பவர் சொல்வார். எப்படிச் சொன்னாலும், அந்த நேரத்தில் இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி ஒன்றுதான். அன்றைக்கு அது எவ்வளவு என்று சித்தியிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் கையை நீட்டிக் காட்டினார். ஒரு முழம்.

தம்பி அதற்கப்புறம் வாதாடவில்லை. இப்போதெல்லாம் பஸ் முழுதாக நின்ற பிறகுதான் இறங்குகிறான். நிறுத்தம் தாண்டிப் போய்விட்டால், நூறடி திரும்பி நடந்து வர வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.